குளோசிங் முடியட்டும்
(நமது சங்க ஆண்டு விழாவில் பேசியது)



என் அம்மாவுக்கு ஒரே ஆசை, காஞ்சி மகா பெரியவரை ஒருமுறை நேரில் தரிசிக்க வேண்டும். 1907-ல் பீடம் ஏறி, ஊர் ஊராக நடந்தே போனவர். 1984-க்குப் பிறகு காஞ்சியிலேயே இருந்தார். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான். நானோ "மார்ச் குளோசிங் முடியட்டும்மா", "செப்டம்பர் குளோசிங் முடியட்டும்மா" என்றே வருஷங்களை ஓட்டினேன்.

1993-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிராட்வேயில் பஸ் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். மடத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது கிடைத்தது சில வினாடிகள். கண்புரை முற்றியிருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காவி மட்டும் தெரியறதுடா. முகம் எப்படி இருக்கு, சொல்லேன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

1994 ஜனவரி 8-ம் தேதி பெரியவர் சித்தியடைந்தார். எத்தனையோ குளோசிங் கணக்குகளை டேலி செய்தவன் நான். இந்த ஒன்று இன்றுவரை டேலி ஆகவில்லை.

நம் குடியிருப்பிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். கோயிலோ, தர்காவோ, வேளாங்கண்ணியோ, போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.