வேலிக்கு மாற்று வழி
(அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



தையல் மெஷினைப் பாருங்கள். கால் மேலும் கீழும் மிதிக்கிறது, சக்கரம் சுற்றுகிறது. இதைச் செய்வது கிராங்க் என்ற வளைந்த தண்டு. சாணைக்கல்லிலும் கடைசலிலும் நெடுங்காலம் இருந்த பொதுச் சொத்து அது.

1780-இல் இங்கிலாந்தில் பிக்கார்டு என்பவர், நீராவி எஞ்சினில் கிராங்கைப் பொருத்தப் பேடண்ட் வாங்கினார். மில் ஓட வேண்டுமானால் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றியாக வேண்டும். ஜேம்ஸ் வாட் என்ன செய்தார்? பேடண்ட் வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். 1781-இல் வேறு ஐந்து முறைகளுக்குத் தாமே பேடண்ட் எடுத்தார். அவற்றில் ஒன்று, சூரியனைக் கிரகம் சுற்றுவது போல ஒரு பல்சக்கரம் மற்றொன்றைச் சுற்றும் ஏற்பாடு. அந்த யோசனை அவரிடம் வேலை பார்த்த மர்டாக்குடையது என்பார்கள். மூளை உழைப்பாளியுடையது; பேடண்ட் முதலாளி பெயரில்!

அதே வாட், தமது எஞ்சின் பேடண்டைப் பார்லிமெண்ட் மூலம் 1800 வரை நீட்டித்துக்கொண்டு, மற்றவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். வேலி தமக்கு லாபமானால் தர்மம். பிறருக்கு லாபமானால் அநியாயம். இதுதான் முதலாளித்துவ நியாயம்.

இந்த வேலி இன்று மருந்துக் கடையில் நிற்கிறது.

நமது 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்குப் பேடண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. நமது ரசாயன நிபுணர்கள் அதே மருந்தை வேறு செய்முறையில் செய்தார்கள். உள்நாட்டு முதலாளிகள் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஆனாலும் போட்டியால் விலை இறங்கியது. அந்நியக் கம்பெனிகள் ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துகளை, 2001-இல் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது.

உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைப்படி, 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே பேடண்ட் வந்தது. எந்தச் செய்முறையில் செய்தாலும் பேடண்ட்காரன் அனுமதி வேண்டும். சுற்றுவழி அடைபட்டது.

ஆனால் ஒரு கதவு மிச்சமிருக்கிறது: கட்டாய லைசென்ஸ். மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்து ஒன்றை, 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்க 2012 மார்ச்சில் ஓர் இந்தியக் கம்பெனிக்கு லைசென்ஸ் தரப்பட்டது. விலை எங்கே, விலை எங்கே!

பஞ்சு தூசியில் நெஞ்சு அடைத்தவனும், வயலில் பூச்சிமருந்து முகர்ந்தவனும் நம்மவர்கள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டுத் திரும்பி வருபவர்களும் நாம்தான். ஆகவே தோழர்களே, அந்தச் சட்டப் பிரிவு ஏட்டில் உறங்க விடக்கூடாது. உயிர்காக்கும் மருந்துகளுக்கு அதைப் பயன்படுத்து என்று சங்கந்தோறும் தீர்மானம் போடுவோம், சர்க்காரைக் கேட்போம்!