முக்காட்டுக்குள் ஒரு தனிமை



பனூ இஸ்ராயீல் சமூகத்து மூவர் பற்றிய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளதை அறிவீர்கள். அவர்களுள் வழுக்கைத் தலையர், தம்மிடம் வந்த வானவரிடம் அழகிய முடியை வேண்டினார். மக்கள் தம்மை அருவருப்பதையும் முறையிட்டார். முடி போனதைவிட மனிதர் விலகியதே அவரை அதிகம் வருத்தியதென எனக்குத் தோன்றுகின்றது.

நம்மவர் புழுவெட்டு என்றழைக்கும் நோயில் புழு எதுவுமில்லை. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குகின்றன. நாணயமளவில் முடி உதிரும்; சிலருக்குத் தலை முழுவதும், புருவமும்கூட. இது தொற்றாது. மயிர்க்கால் பெரும்பாலும் அழிவதில்லையாதலால் மீண்டும் முளைக்கலாம். மீண்டும் உதிரவுங் கூடும். தோல்நோய் வைத்தியரை நாடுவதே முறை.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நம் சகோதரியர் வீதியில் முக்காட்டுடனேயே செல்கின்றனர். அது கழல்வது கல்யாண வீட்டின் பெண்கள் பகுதியில்தான். ஆகையால் இந்நோயுற்றவள் முதலில் கைவிடுவது கல்யாண வீட்டையே. ஒரே ஒழுங்கையில் இருவர் இருப்பினும் ஒருவரையொருவர் அறியார்.

அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டிலேயே இந்நோயாளருக்கென ஓர் அமைப்பு உருவானது. 2020 ஜனவரியில் அந்நாட்டுக் காங்கிரஸ் உறுப்பினர் அயானா பிரெஸ்லி தமது முடியற்ற தலையைக் காணொளியில் காட்டினார். நமக்கு அது வேண்டியதில்லை. இருவர் ஒரு வீட்டில் அமர்ந்து பேசினாற் போதும். புருவமற்ற முகத்துடன் பாடசாலை செல்வதெப்படி, "இன்னும் முளைக்கவில்லையா?" எனக் கேட்கும் மாமிக்கு என்ன பதிலளிப்பது என்பதை வைத்தியரைவிட அனுபவித்தவளே நன்கறிவாள்.

தாய்மாரே, உங்கள் வைத்தியரிடமும் மத்ரஸா ஆசிரியையிடமும் கேளுங்கள். அவர்கள் எவருடைய பெயரையுஞ் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வாருங்கள். விரும்பும் தாய் அழைப்பார்.