தனிக் கந்தோர் திறக்கும் இளஞ் சட்டத்தரணிகளுக்கு

(இளஞ் சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சொந்தமாகச் சட்டக் கந்தோர் திறப்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது சட்டத்தரணிமாரின் சோற்றுப் பிரச்சினை, எங்களுக்கு இதில் யாது தொடர்பு எனக் கமக்காரர் எண்ணுதல் கூடும். ஓர் ஊரில் நம்பத்தக்க கந்தோர் இல்லையேல், அதனால் நட்டமடைபவர் அங்கே வயலும் வளவும் வைத்திருப்பவரே.

1973 ஆம் ஆண்டு முடியும்வரை இந்நாட்டிற் சட்டத்தொழில் இரு கிளையாக இருந்தது. அப்புக்காத்துமார் மன்றில் எழுந்து வாதாடினர். புறக்கிராசிமார் கட்சிக்காரரைக் கண்டு, பத்திரங்களை வரைந்து, தவணைகளைக் காத்தனர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு சாராரையும் சட்டத்தரணிகள் என ஒன்றாக்கிற்று. பெயர் ஒன்றாகிவிட்ட போதிலும், நம் இளைஞர் கனவு காண்பது இன்னமும் அப்புக்காத்தின் அங்கியையே. தனிக் கந்தோரைத் தாங்கி நிற்பதோ பழைய புறக்கிராசியின் வேலை. ஒரு வழக்கிற் பதிவு செய்யப்பட்ட சட்டத்தரணியாக ஒப்பமிட்டீர்களாயின், மன்றின் அறிவித்தல் உங்கள் கைக்கே வரும். நீங்கள் ஒரு தவணையைத் தவறவிட்டால், உங்கள் கட்சிக்காரர் தம் காணியையே இழக்க நேரலாம். ஆகவே பெயர்ப்பலகைக்கு முன்பு தவணைக் குறிப்பேட்டை வாங்குங்கள். ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள்.

அடுத்து, நொத்தாரிசு வேலையை இழிவாக நினையாதீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. நம் மக்களின் செல்வம் காணி. அவர்கள் உங்கள் படியேறுவது முதலில் உறுதி எழுதுவதற்கே. அவ்வுறுதியை எழுதுமுன் காணிப் பதிவகத்திற் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அது முதுசமோ, சீதனமோ, தேடியதேட்டமோ என வினவவேண்டும். தேசவழமைக்கு உட்பட்டவர் ஒருவர் பங்குக் காணியை விற்பதாயின், பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தாரா எனக் கேட்கவேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த முற்கொள்வனவு உரிமையைப் புறக்கணித்து எழுதும் உறுதி, அடுத்த வழக்கிற்கு விதை நெல்லாகும். அரை மணி நேரத்தில் உறுதி முடித்துக் கொடுப்பவருக்குக் கூட்டம் சேரும் என்பதை அறிவேன். அவ்வாறு சேர்ந்த கூட்டம் பின்னர் எங்கே போய் நின்றது என்பதையும் கண்டிருக்கிறேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் கந்தோர் திறப்பவர் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தை நன்றாகப் படித்திருத்தல் வேண்டும். அங்கே பலரது காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. உரிய அதிகாரியின் சம்மதமின்றி அதனை விற்க முடியாது. குடும்பத் தலைவர் தமக்குப் பின் உரித்தாளர் யார் எனப் பெயர் குறித்திருக்கிறாரா என்பதை முதலிற் பாருங்கள். குறிக்காது விட்டதனாற் சகோதரர் பகையாளிகளாவதுண்டு. உயிரோடு இருக்கையில் அவரை அழைத்துச் சென்று பெயரைப் பதிவிக்கச் செய்வது ஒரு முற்பகல் வேலை. வழக்காடுவதாயின் ஆண்டுகள் செல்லும்.

யுத்தத்திற் சிதறிய மக்களின் நிலையை என்னென்பது! காணியிற் பத்தாண்டு தடையின்றி, எதிருரிமையாக ஆட்சி செலுத்தியவர் உரித்துக் கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டம். செல் வீச்சுக்கு அஞ்சி ஓடியவர் எவ்வாறு தடை சொல்ல முடியும்? அத்தகையோருக்காக 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கொழும்பில் அச்சான அந்தச் சட்டத்தை முகாமிலிருந்து மீண்ட விதவைக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? அயலிற் கந்தோர் வைத்திருந்த சட்டத்தரணி சொல்லியிருந்தாற்றான் உண்டு. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் தமிழே நீதிமன்ற மொழி என்பதற்காக நாம் எத்தனை மேடை ஏறினோம்! மேடையிலிருந்து இறங்கிய பின்னர், கட்சிக்காரர் தம் வழக்கு மனுவைத் தாமே வாசித்து விளங்குமாறு நல்ல தமிழில் வரைகின்றோமா?

இனிப் பணம். கட்சிக்காரர் முத்திரைக்கும் கொள்வனவுக்கும் தரும் காசு உங்களுடையதன்று. அதற்கு வேறான வங்கிக் கணக்கு முதல் நாளே திறவுங்கள். கந்தோர் வாடகைக்கு முட்டுப்பட்ட மாதத்தில் அதிலே கை வைத்தவர் பின் நிமிர்ந்ததில்லை. கட்டணத்தை எழுத்திற் கூறுங்கள், பற்றுச்சீட்டுக் கொடுங்கள். மன்ற வாசலில் நின்று ஆள் பிடித்துத் தரும் தரகருக்கு ஒரு சதமும் கொடாதீர்கள். அவ்வாறு ஆள் பிடிப்பித்தல் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது மட்டுமன்று, அவர் நாளைக்கு உங்கள் எதிராளியிடமும் போவார். தொடக்கத்தில் வருவாய் குறைவாகவே இருக்கும். ஓராண்டுச் செலவுக்கு வழிவகை செய்துகொண்டு திறப்பதே புத்தி. வன்னியிற் கமக்காரரிடம் ஐப்பசியிற் பணம் கேட்பது வீண், அது விதைப்புக் காலம். காலபோக அறுவடைக்குத் தவணை கொடுங்கள். பெரும்பாலானோர் நெல் விற்றவுடன் தாமே கொண்டுவந்து தருவர்.

கமக்காரப் பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளஞ் சட்டத்தரணி ஒருவர் உங்கள் ஊரிற் கந்தோர் திறந்தால், வழக்கு வந்த பின்பு ஓடிச் செல்லாதீர்கள். பெட்டியில் உள்ள உறுதிகள், அனுமதிப்பத்திரம், வரைபடம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய அற்றோணித் தத்துவம் யாவற்றையும் இப்பொழுதே எடுத்துச் சென்று காட்டுங்கள். காணாமற் போன உறுதிக்குக் காணிப் பதிவகத்திற் பிரதி எடுக்கலாமா என அவர் தேடிப் பார்க்கட்டும். அதற்குரிய கட்டணத்தையும் பேரம் பேசாது கொடுங்கள்.