பட்டியலை வாசித்தது நான்தான்

(கள்ளக்குறிச்சியில் மாணவர்கள் கூட்டிய ஒரு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு அரசுக் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்துகிறேன். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது. சம்பளம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். மே மாதம் வந்துவிட்டால் நான் ஆசிரியரா இல்லையா என்று எனக்கே தெரியாது. இதைப் புலம்புவதற்காகச் சொல்லவில்லை. என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்கு இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

ஒருநாள் வகுப்பில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டபோது தலித் பையன்களும் ஆதிக்கச் சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு முடித்தார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகு தலித் பையன்கள் பின்தங்கிவிட்டார்கள். மூளை அதேதான், புதிரும் அதேதான். இடையில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தார். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து வருகிறவர். வகுப்பில் வாய் திறக்கவே மாட்டார். "மேம், ஸ்காலர்ஷிப் லிஸ்ட் வாசிக்கிறப்ப எனக்கும் அப்படித்தான் மேம் இருக்கும்" என்றார்.

முந்தின வாரம் அந்தப் பட்டியலை வாசித்தது நான்தான். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொன்னதும் நான்தான். அலுவலகத்தில் கொடுத்தார்கள், வாசித்தேன். நான் சின்னசேலம் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி எழுந்து நின்றவள். நிற்கும்போது பாவாடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. உளவியலில் எம்.ஏ. முடித்து, நெட் தேர்ச்சி பெற்று, வகுப்பின் அந்தப் பக்கம் போய் நின்ற பிறகு அதையே நானும் செய்திருக்கிறேன்.

அன்றோடு வாசிப்பதை நிறுத்தினேன். உரியவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினேன். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒரு மூத்த ஆசிரியர், "உங்களுக்கு எதுக்கும்மா இது? ஜூன்ல ரினியூவல் இருக்கு, பார்த்துக்குங்க" என்றார். அவர் மிரட்டவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். தோழர்களே, இந்த ஏற்பாடு வேலை செய்வதே இப்படித்தான். யாரும் மிரட்டத் தேவையில்லை. ஜூன் மாதமே மிரட்டும்.

கற்பிப்பதற்கென்றே தனிப் பதவி என்பது உலகத்தில் இழிவான விஷயம் இல்லை. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற்று முழுப் பேராசிரியராக முடியும். இங்கேயும் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்றது. நாங்கள் வாங்குவது அதில் பாதி. அதே வகுப்பை எடுக்கும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புரிய வைக்க நான் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியர் அறையே போதும்.

சரி, உளவியல் ஆசிரியருக்கு மட்டும் என்ன தனி அவசரம் என்று கேட்கலாம். நம் மாவட்டத்தைப் பாருங்கள். கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் பிடி 1976 வரை இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மக்களுக்கு விடிந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்தது.

அந்த நாட்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் என்ன பேசினார்கள்? "இந்த ஜனங்களே இப்படித்தான், குடிச்சு அழியறாங்க." ஒருவருடைய நிலைமையைப் பார்க்காமல் அவருடைய குணத்தைக் குறை சொல்லும் இந்தப் புத்திக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இலேயே பெயர் வைத்துவிட்டார். அதை 'அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை' என்றார். அப்பாவை இழந்த பிள்ளை இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கல்லூரிக்கு வருகிறது. தவறு உன் அப்பாவின் பிறப்பில் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

கவுன்சிலிங் கொடுத்துவிட்டோம் என்பார்கள். கவுன்சிலிங் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது. வகுப்பறையில் எல்லோரும் சேர்ந்து உட்காருகிறார்கள். பட்டியலில் நிற்கிறவரும் இருக்கிறார், உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவரும் இருக்கிறார். அந்த மாணவியின் கூச்சத்துக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுப் பட்டியலைத் தொடர்ந்து வாசித்தால் என்ன பயன்?

அதனால் நான் கேட்பது மூன்று. மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகளில் உளவியலுக்கு நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் வேண்டும், இடஒதுக்கீட்டுச் சுழற்சியை முறையாகப் பின்பற்றி நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு அதுவரை பன்னிரண்டு மாதச் சம்பளம், 50,000 ரூபாய் வேண்டும். எந்தக் கல்லூரியிலும் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்கக் கூடாது. மூன்றாவதற்கு ஒரு பைசா செலவில்லை. நாளைக் காலையே செய்யலாம்.

நீங்கள் மாணவர்கள், உங்களுக்கு ஜூன் பயம் கிடையாது. அடுத்த முறை உங்கள் வகுப்பில் அந்தப் பட்டியல் வரும்போது, "இங்கே வாசிக்க வேண்டாம் சார்" என்று ஒருவர் எழுந்து சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் சொன்னால் இன்னும் நல்லது.

அந்த மாணவி இப்போது முன் பெஞ்சில் உட்காருகிறார். வரும் ஜூனில் நான் அந்த வகுப்பில் இருப்பேனா தெரியாது. அவர் இருப்பார்.

ஜெய்பீம்.