பார்ல எவ்வளவு போடறது?

"ஜிம்ல சேர்ந்துட்டேன், எவ்வளவு வெயிட்ல ஆரம்பிக்கணும்?"னு கேட்டு நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி என் மானம் போன கதை ஒண்ணு.

மூணு வருஷம் முன்னாடி டெட்லிஃப்ட்ல 80 கிலோவை அஞ்சு தடவை சுத்தமா தூக்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஒருத்தர் 100 போட்டு அலட்டிக்காம தூக்கினார். எனக்கும் அந்த நூறு மேல ஆசை வந்துடுச்சு. பக்கத்துக்கு ஒரு 10 கிலோ பிளேட் சேர்த்தேன். பார் முட்டி வரைக்கும் வந்தது. முதுகு வளையறது எனக்கே தெரிஞ்சது. ஆனா நாலு பேர் பார்க்கும்போது கீழ வைக்க மனசு வரல. அடுத்த ஆறு வாரம் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது என் தங்கச்சி. ஒவ்வொரு தடவையும், "நூறு கிலோ, காலை நீட்டு"ன்னுதான் கூப்பிடுவா.

நான் செஞ்ச தப்பு, எடையை வெளியில தேடினது. பக்கத்து ஆள் போட்டதைப் பார்த்தேனே தவிர, என் உடம்பைக் கேட்கல.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல சிகாகோவுல ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில தாமஸ் டிலோர்ம்னு ஒரு டாக்டர் இருந்தார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தவர். அவர் வச்சிருந்த அளவுகோல், அந்த ஆளால சரியா பத்து தடவை தூக்க முடியுற எடை. 1948-ல அவரும் வாட்கின்ஸும் எழுதின முறையில முதல் செட் அந்த எடையில பாதி, அடுத்தது முக்கால், மூணாவதுதான் முழுசு. அளவு அந்தந்த ஆளுக்குள்ள இருந்துதான் வருது.

இதையே இப்போ எப்படிப் பண்றது? எட்டு ரெப் பண்ணணும்னு வைங்க. எட்டாவது முடிஞ்சதும், "இன்னும் எத்தனை ஒழுங்கா வரும்?"னு கேளுங்க. ரெண்டு வரும்னா எடை சரி. அஞ்சு வரும்னா கம்மி. ஆறாவதுலயே முதுகோ முட்டியோ கோணுதுன்னா அதிகம், அப்பவே கீழ வச்சிடுங்க. தசை எரியறது வேற, மூட்டுல சுருக்குனு குத்தறது வேற. குத்தினா அன்னைக்கு அந்தப் பயிற்சி வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. ரெண்டுதான் மிச்சம்னு நினைப்பாங்க, நிஜத்துல அஞ்சாறு வரும். அதனால எப்பவாவது ஒரு நாள், லெக் பிரஸ் மாதிரி மெஷின்ல, ஸ்டாப்பர் போட்டுட்டு, முடியாத வரைக்கும் போய்ப் பாருங்க. தனியா பெஞ்ச் பிரஸ்ல இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, வெறும் பாரே 20 கிலோ. வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் அளவு. வெறும் பார்ல ஆரம்பிக்கறதுல வெட்கமே இல்ல. ஏத்தும்போதும் கவனிங்க. 60-லிருந்து 62.5 போனா கூடுறது 4 சதவீதம்தான். டம்பெல்ல 12.5-லிருந்து 15 போனா 20 சதவீதம்! அதே ரெண்டரை கிலோதான். அதனால டம்பெல்ல எடையைத் தொடாம, எட்டு ரெப்பை முதல்ல பன்னிரண்டாக்குங்க.

தப்பு மறுபக்கமும் நடக்கும். எங்க அம்மாவுக்கு 57 வயசு. "எனக்கு ரெண்டு கிலோ போதும்ப்பா"ன்னு ஆரம்பிச்சாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு இருபத்தஞ்சு ஸ்குவாட் போட்டாங்க, எதிர்வீட்டு கல்யாணக் கதையும் சொல்லி முடிச்சாங்க. பேச்சு நிக்கவே இல்ல. மளிகைக் கடையிலிருந்து 10 கிலோ அரிசியை மூணு மாடி தூக்கிட்டு வர்றவங்க அவங்க! கொஞ்சம் கொஞ்சமா 8 கிலோவுக்கு மாத்தினோம். எட்டாவது ரெப்ல பேச்சு நின்னுச்சு. அதான் அம்மாவோட எடைன்னு முடிவு பண்ணிட்டோம்.

நான் இப்போ 92.5-ல இருக்கேன், அஞ்சு ரெப், ரெண்டு மிச்சம். தங்கச்சி இன்னும் பேரை மாத்தல.