கதவைத் திறந்த கல்

(அச்சன்புதூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

குற்றாலத்துச் சாரல்காற்று வந்து தழுவும் இந்த ஊரில், மேடைக்கு வரும் வழியில் தேநீர்க் கடையொன்றில் சற்றே நின்றேன். சுவரிலே நாட்காட்டி. தேதியைப் பார்த்தவர் பலர். படத்தைப் பார்த்தவர் சிலர். வரைந்தவர் யாரெனக் கேட்டவர் எவருமில்லை! இன்று நாம் கேட்போம். ஏனெனில் அந்தப் படத்துக்குப் பின்னே ஒரு போராட்டமே மறைந்து கிடக்கிறது.

ஜெர்மனி நாட்டில் செனிபெல்டர் என்றோர் இளைஞர். தந்தை மறைந்தார், படிப்பு பாதியில் நின்றது. நாடகம் எழுதினார், அச்சிடக் காசில்லை. கல்லூரியை இடையிலே விட்டு நாடகம் எழுதப் புறப்பட்ட எனக்கு, அவர் நிலை நன்றாகவே விளங்கும்! வறுமை அவருக்கு வழிகாட்டிற்று. 1796-ஆம் ஆண்டளவில், சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதினார். கல்லை நனைத்தால் எழுத்து நீரை விலக்கும். மையை உருட்டினால் ஈரம் மையை விலக்கும். எழுத்தில் மட்டும் மை நிற்கும். பிறந்தது கல்லச்சு! வண்ணத்துக்கொரு கல் வைத்து அடித்தால் வண்ணப்படம். ஓவியர் ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் கண்டார். அரண்மனைக்கு ஒன்றாயிருந்த ஓவியம், எளியோர் இல்லத்துக்கு ஆயிரமாய் வந்தது!

இனி, நம் சிவகாசிக்கு வாருங்கள். ஆலயத்துள் நுழைய உரிமை கேட்டனர் நாடார் மக்கள். கிடைத்தது என்ன? 1899-ல் கலவரம்! வீடுகளுக்குத் தீ! கமுதிக் கோயில் வழக்கோ, கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908-ல் 'உரிமை இல்லை' என்று முடிந்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு ஒதுக்கப்பட்டோருக்குத் திறக்க, 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிவகாசி காத்திருக்கவில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடித்த ஊர், நாளடைவில் நாட்காட்டி அடித்தது. அதிலே முருகன், மீனாட்சி, இலக்குமி! எந்தச் சன்னதியில் கால் வைக்காதே என்றனரோ, அந்தச் சாமியை ஊர் ஊராக அனுப்பிவைத்தது அந்த ஊர்! கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கை வேறு மேடைக்கு வைத்துக்கொள்வோம். கதவு யாருக்கு என்னும் வழக்கில், அச்சு எந்திரம் எழுதிய தீர்ப்பு இது!

அந்தப் படங்களை எழுதிய கைகளில் முதன்மையானது கொண்டையராஜுவின் கை. 1898-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940-களில் குழு கோவில்பட்டியில் கலைய, அங்கேயே தங்கினார்; சீடர்களை வளர்த்தார். அவர்கள் எழுதியது சிவகாசியில் அச்சேறி, வீடுதோறும் தொங்கிற்று. 1976-ல் மறைந்தார். படத்தின் மூலையில் கையொப்பம் இருந்தது, படித்தவர்தாம் இல்லை!

பிறரை ஏன் குறை சொல்ல? என் முதல் நாடகத்தின் துண்டறிக்கையில் என் பெயர் மூன்று இடத்தில்; திரை எழுதியவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் கேட்கவுமில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது.

தோழர்களே! முதல் பொதுத்தேர்தலில், வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டிமீது சின்னம். எழுத்தறியாதவரையும் நாட்டை ஆளவைத்தது படம்! அந்தச் சின்னங்களைச் சுவர்தோறும் தீட்டிய தோழன், இன்று பிளெக்ஸ் வந்தபின் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டான். பாதையை மறித்து, காற்றிலே சாய்ந்து, உயிரையும் பறித்த பதாகைகளை நாடு கண்டது. அந்த ஆடம்பரம் நமக்கெதற்கு?

ஊருக்கொரு சுவரேனும் அவன் தூரிகைக்குத் தருக! கூலியைக் குறையாது தருக! கீழே, தலைவர் பெயருக்குப் பக்கத்திலே, அவன் பெயரையும் எழுதச் சொல்லுக! அடுத்த முறை நான் அச்சன்புதூர் வரும்போது, முதலில் அந்தப் பெயரைத்தான் படிப்பேன்.