கிளட்ச் பழுதை முன்கூட்டியே கண்டறிவோம்

(சேலம், நாமக்கல் பகுதி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் டிராக்டரின் கிளட்சைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. நம் பகுதியின் செம்மண் காடுகளில் மழை பெய்த பின் உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாள்களே நிற்கும். ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை விதைக்கக் காத்திருப்பவருக்கு அந்தச் சில நாள்கள்தாம் எல்லாம். அந்த நேரத்தில் டிராக்டர் பட்டறையில் நின்றால் பழுது பார்க்கும் செலவு ஒரு பக்கம் இருக்க, பட்டமே தவறிப் போகும். குச்சிக்கிழங்கை வெட்டி வண்டியில் ஏற்றிய பின் சேகோ ஆலைக்குப் போகும் வழியில் வண்டி நின்றாலும் நட்டம்தான். வெட்டிய கிழங்கு காத்திருக்காது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டில் பரிதாபாத்தில் ஐச்சர் டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. அன்று முதல் பலவகை டிராக்டர்கள் நம் காடுகளில் உழுது வருகின்றன. சிறு விவசாயிகள் பெரும்பாலும் வாங்குவது ஒருவர் ஓட்டிக் கைமாறிய பழைய வண்டியைத்தான். அத்தகைய வண்டியில் முதலில் தேய்வனவற்றுள் கிளட்ச் ஒன்று. ஆனால் அது பெரும்பாலும் திடீரென்று கெட்டுவிடுவதில்லை. பல நாள் முன்பே அடையாளம் காட்டும். அந்த அடையாளங்களை அறிந்துகொண்டால் பழுதை ஓய்வுக் காலத்திலேயே சரிசெய்து கொள்ளலாம்.

கிளட்ச் எவ்வாறு வேலை செய்கிறது?

எஞ்சினின் பின்புறம் பிளைவீல் என்னும் கனமான சக்கரம் சுழல்கிறது. அதற்கும் அழுத்தத் தட்டுக்கும் (பிரஷர் பிளேட்) நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. வலுவான ஸ்பிரிங்குகள் அழுத்தத் தட்டைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டை பிளைவீலோடு சேர்த்து இறுக்குகின்றன. இந்தப் பிடிப்பினால்தான் எஞ்சினின் விசை கியர் பாக்சுக்குப் போகிறது. நாம் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே சென்று அழுத்தத் தட்டின் விரல்களை அமுக்கும். தட்டு பின்வாங்கும், கிளட்ச் பிளேட் விடுபடும்.

கிளட்ச் பிளேட்டின் இருபுறமும் உள்ள லைனிங் தேயத் தேய, அந்த விரல்கள் சிறிது சிறிதாகப் பின்னோக்கி வந்து ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். பெடலின் மேற்பகுதியில் பளு இல்லாமல் ஆடும் அசைவை 'பிளே' என்கிறோம். லைனிங் தேயும்போது இந்தப் பிளே குறைந்துகொண்டே வரும். பிளே முற்றிலும் போய்விட்டால் நாம் மிதிக்காதபோதும் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பிடிப்பு தளரும். பிளேட் வழுக்கிச் சூடேறும். சில நாள்களிலேயே கருகிவிடும். ஆகவே பெடலின் பிளேயை அளப்பதே முதல் சோதனை. இதற்குக் காசு செலவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்துங்கள். பெடலைக் கையால் மெல்ல அமுக்குங்கள். பளு தெரியத் தொடங்கும் இடம் வரையுள்ள தூரமே பிளே ஆகும். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. வரை, அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். குறைந்திருந்தால், இணைப்புக் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, அளவைச் சரிசெய்து, மீண்டும் இறுக்க வேண்டும்.

கிளட்ச் வழுக்குகிறதா?

வண்டிக்கு இழுவை குறைந்தால் உடனே கிளட்ச் மீது பழி போடக்கூடாது. உழும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. எஞ்சின் வேகம் ஏறுகிறது, ஆனால் பின்சக்கரம் அதற்கேற்பச் சுழலவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய நாற்றமும் வரும்.

2. பின்சக்கரம் சுழல்கிறது, ஆனால் வண்டி நகரவில்லை என்றால் டயர் வழுக்குகிறது. டயரின் தேய்மானம், மண்ணின் ஈரம், கலப்பையின் ஆழம் இவற்றைப் பாருங்கள்.

3. எஞ்சின் திணறி வேகம் குறைகிறது, கரும்புகை வருகிறது என்றால் கோளாறு எஞ்சின் பக்கம் இருக்கிறது. அல்லது பளு அளவுக்கு மீறியது. காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் முதலில் பாருங்கள்.

இந்த வேறுபாட்டை அறியாமல், நன்றாக இருக்கும் கிளட்சை மாற்றிச் செலவழிப்போர் உண்டு.

உறுதி செய்துகொள்ள மற்றொரு சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது. டிராக்டரானால் இரு பிரேக் பெடல்களையும் கொண்டியால் இணைத்துப் பிரேக்கைப் பூட்டுங்கள். உயர் கியரில் போட்டு, எஞ்சின் வேகத்தைச் சிறிது கூட்டி, கிளட்ச் பெடலைச் சீராக விடுங்கள். நல்ல கிளட்சானால் எஞ்சின் உடனே நின்றுவிடும். எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். இந்தச் சோதனையே பிளேட்டைச் சூடாக்கும். ஆதலால் ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

பிளே சரியாக இருந்தும் வழுக்கினால், லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும், அல்லது ஸ்பிரிங் வலுவிழந்திருக்கும். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் அல்லது கியர் பாக்சின் முன்பக்கச் சீல் கசிந்தால் கிளட்ச் அறைக்குள் எண்ணெய் வரும். அறையின் அடிப்பகுதியில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் விட மறுக்கிறதா?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து, ரிவர்ஸ் கியரில் போடுங்கள். கரகரவென்று பல் உரசினாலோ, மிதித்தபடியே வண்டி ஊர்ந்தாலோ கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். பிளே அளவுக்கு மீறியிருப்பது, பிளேட் கோணியிருப்பது, பிளேட்டின் நடுத்துளை தண்டில் துருப்பிடித்துச் சிக்கியிருப்பது ஆகியவை காரணங்களாகும். ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால் கோளாறு கியர் பாக்சில் இருக்கலாம்.

வழுக்கும் கிளட்ச் பொருள் நட்டத்தைத் தரும். விட மறுக்கும் கிளட்ச் உயிருக்கே ஆபத்து. கலப்பையை மாட்ட ஒருவர் பின்னால் நிற்கும்போது வண்டி தானே பின்னோக்கி ஊர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும். முழுவதும் மிதித்தால் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். முழுவதும் மிதித்தும் தண்டு நிற்காவிட்டால் கதிரடிக்கும் எந்திரத்தையோ ரோட்டவேட்டரையோ மாட்டக்கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும் தண்டில் வேட்டி நுனி சிக்கினால் விலக நேரம் கிடையாது. அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுவோர் அனைவருக்கும் அந்தக் குமிழைக் காட்டி வையுங்கள்.

ஒலியும் அதிர்வும்

கியர் நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது பெடலை மெல்ல மிதியுங்கள். மிதித்தவுடன் கீச்சொலி எழுந்தால் ரிலீஸ் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மிதிக்காதபோது கேட்ட இரைச்சல் முழுவதும் மிதித்தவுடன் நின்றால் கியர் பாக்சின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெடலை விடும்போது வண்டி உதறினால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்தும் இருக்கலாம். போல்ட்டை முதலில் பாருங்கள், அது எளிது.

பழைய கார், ஜீப் வைத்திருப்போருக்கு

அம்பாசிடர், மாருதி 800 ஆகிய கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் அவை இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. மேற்சொன்ன சோதனைகள் இவற்றுக்கும் பொருந்தும். மேட்டில் உயர் கியரில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிள் உள்ள வண்டியில் கேபிளின் இழைகள் அறுந்துள்ளனவா என்று பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சானால், பெடல் தொளதொளவென்று தாழும்போது கிண்ணத்திலுள்ள எண்ணெயின் அளவையும் கசிவையும் பார்க்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இறங்குவோர் கிளட்சை மிதித்தபடி உருட்டக்கூடாது. கியரிலேயே இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய டிராக்டருக்கும் இதுவே விதி.

பழைய வண்டியை விலை பேசுவதற்கு முன்னும் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். பிளேயைத் திருத்தும் மரை முடிவுக்கு வந்திருந்தால் பிளேட் ஆயுள் முடிந்ததென்று கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மாற்றும்போது

கிளட்ச் மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கூலியே பெரும் செலவு. ஆகவே ஒருமுறை பிரித்தால் கிளட்ச் பிளேட், அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தேய்ந்தவற்றை அப்போதே மாற்றுங்கள். கசியும் சீலை விட்டுவிட்டுப் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் எண்ணெய் பட்டுக் கெடும். பிளைவீலில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து சமன்செய்ய வேண்டும். லாரி கட்டும் நாமக்கல்லிலும், ரிக் வண்டிகளுக்குப் பேர்பெற்ற திருச்செங்கோட்டிலும் தேர்ந்த கைகள் உண்டு.

பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயும் வரும். காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

* ஓட்டும்போது பெடல்மீது காலை வைத்திருக்காதீர்கள்.
* மேட்டில் வண்டியை அரைக் கிளட்சில் நிறுத்தாதீர்கள். பிரேக்கால் நிறுத்துங்கள்.
* பாரத்தோடு கிளம்பும்போது தாழ்ந்த கியரில் கிளம்புங்கள். கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும்.
* சேற்று உழவின்போது கிளட்ச் அறைக்குள் நீர் புகக்கூடாது. அடித்துளைக்கு மூடி உள்ள வண்டியில், கையேட்டில் சொன்னபடி சேற்று உழவுக்கு மூடியைப் போட்டு, முடிந்ததும் எடுத்து நீரை வடியவிடுங்கள்.
* பல வாரம் நிறுத்தி வைக்கும்போது பெடலை அமுக்கிக் கொக்கியிலோ கட்டையாலோ நிறுத்தி வையுங்கள். பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளாது.
* பெடல் தண்டுக்குக் கிரீஸ் போட மறவாதீர்கள்.

உழவர் பெருமக்களே, மாதம் ஒரு முறை அடிக்கோலால் பெடலின் பிளேயை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அளவு முன்னைவிட வேகமாகக் குறையத் தொடங்கினால் கிளட்சைக் கவனிக்கும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம். வரும் பட்டத்துக்கு முன், ஓய்வான நாள்களிலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டு, மழை பெய்த மறுநாளே காட்டில் ஏர் பூட்டத் தயாராக இருங்கள்.